அக்கா சிரிக்காமல் போன கல்யாணம்

என் மூளைமேல் எனக்கு மரியாதை கிடையாது. காரணத்தைச் சொல்கிறேன்.

ரெம்பியாவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். செர்காமில் இருக்கும் என் அக்கா தட்டோடு என்னை ஒட்டிக் கடந்தாள். சிரித்தேன். அவள் பாட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"பார்த்தியா? மகனுக்கு சிங்கப்பூர்ல வேலை கெடச்சதும் நம்ம மூஞ்சி மறந்துபோச்சு" என்றேன் மனைவியிடம்.

"கவனிச்சிருக்க மாட்டாங்க. போய் பேசுங்களேன்."

"பார்த்துட்டுத்தான் போனா. எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் நம்பினேன், பிறர் மண்டைக்குள் எட்டிப் பார்க்கும் சக்தி எனக்கு மட்டும் வாய்த்திருப்பதுபோல. பிறகு சாட்சி சேர்ப்பது சுலபமாக இருந்தது. பொங்கலுக்கு அவள் போனில் வெறும் வாழ்த்துப் படம் அனுப்பினாள், ஒரு வார்த்தை எழுதவில்லை. திமிர். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாள். நேரில் வர மனமில்லை. முறுக்கில்கூட அவமானத்தைக் கண்டுபிடிக்கத் தனி அற்பத்தனம் வேண்டும். என்னிடம் அது தாராளமாக இருந்தது.

இரண்டு வருடம் செர்காம் பக்கமே போகவில்லை. என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்.

போன மாதம் அக்காவின் கணவர் கூப்பிட்டார். "தம்பி, நாளைக்கு கார் எடுத்துட்டு வர முடியுமா? என் கார் ஒர்க்‌ஷாப்ல கெடக்கு. அக்காவுக்கு கண் ஆஸ்பத்திரி."

"கண்ணுக்கு என்ன மாமா?"

"இனிப்பு நீர் வியாதியில எடது கண்ணு போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சேப்பா. இப்போ வலது கண்ணும் மங்கலா இருக்கு. உனக்குத் தெரியும்னு நெனச்சோம்."

மண்டபத்தில் நான் நின்றது அவளுக்கு இடப்பக்கம்.

மறுநாள் காரில், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டேன். "நீதான் வரவே இல்லையே. ஏதோ கோவத்துல இருக்க, கூப்பிட்டாலும் போன் எடுக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு ஜோசியர்கள். ஒருவருக்காவது வாயைத் திறந்து கேட்கத் தோன்றவில்லை.

அத்தோடு என் மூளை அடங்கியதா? ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்குள் அடுத்த கூத்தை ஆரம்பித்தது. நான் மனுஷனே இல்லை, நான் போய்ப் பார்த்திருந்தால் கண் தப்பித்திருக்கும், எல்லாம் என்னால்தான். கல்யாணத்துக்கு முன்பே கண் போய்விட்டது என்பதுகூட அதற்கு உறைக்கவில்லை. நேற்றுவரை எல்லாக் குற்றமும் அவளுடையது, இன்று எல்லாமே என்னுடையது. இடையில் ஒன்று இருக்கலாம் என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. இதையெல்லாம் அழுதுகொண்டே அவளிடம் ஒப்பித்தேன், வெட்கமில்லாமல்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"கண்ணு போனது எனக்கு. நீ என்னடா உன்னப் பத்தியே பேசிக்கிட்டு இருக்க? போய் கவுண்டர்ல நம்பர் எடுத்துட்டு வா."

போய் எடுத்து வந்தேன்.