தலையைத் தட்டிய கொய்யாக்காரம்மா

கண்ணுகளா, அப்பா நான் உங்களைப் பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் திரும்புகிறேன். ஷிப்டுக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது, மனசு பறக்கிறது. ஹெல்மெட் வழக்கம்போல முழங்கையில் தொங்குகிறது.

குருபரப்பள்ளி சர்வீஸ் ரோட்டோரம் கொய்யா விற்கிற ஒரு அம்மா, என்னைப் பார்த்துத் தன் தலையைத் தட்டிக் காட்டுகிறார். முன்னால் போலீஸ் நிற்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்துச் சைகை அது. ஆயிரம் ரூபாய் அபராதம் கண்ணில் தெரிய, வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டை அவசரமாக மாட்டுகிறேன்.

“எங்க நிக்கறாங்கம்மா, பாலத்துக்கிட்டயா?”

“ஒருத்தரும் இல்லண்ணா. நான் தெனமும் சும்மாதான் தட்டறேன்.” சிரிக்கிறார்.

“வேலைக்கு ஓடறவங்கிட்ட வெளையாட்டாம்மா?”

“போலீஸ்னாதான மாட்டறீங்க! புள்ளைங்க இருக்குதுன்னு சொன்னா மாட்டுவீங்களா? எங்கூட்டுக்காரரும் இப்படித்தான் கையில தொங்கவிட்டுக்கிட்டுப் போனாரு. உசுரோட திரும்பல.”

தாடைக்கடியில் வாரைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

சூளகிரி தாண்டியதும், எதிரே ஒருவர் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியபடி வேகமாக வருகிறார். வழியில் நான் ஒரு போலீஸையும் பார்க்கவில்லை. ஆனாலும் கையைத் தூக்கி என் தலையைத் தட்டிக் காட்டுகிறேன்.