திரையில் சிவந்த சக்கரம்

மகளின் வளைகாப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மகன் காருக்குப் புதுச் சக்கரம் போட வேண்டும் என்றான். இருந்த சக்கரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கறுப்பு இரும்புக்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டது, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தங்கையை மாமியார் வீட்டிலிருந்து அழைத்து வரப்போகிற வண்டி பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும், அலாய் சக்கரம் மாட்டியே தீருவேன் என்று நின்றான்.

எனக்கு வண்டியின் அழகு பெரிதில்லை. அது குலுங்காமல் வர வேண்டும். போன வருஷம் மகளுக்கு உண்டான கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. பண்டசோழநல்லூரிலிருந்து எங்கள் உறுவையாற்றுக்கு அவள் ஸ்கூட்டரில் வந்த மறுநாள் அது நடந்தது. பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது காதில் ஏறியது, மனசில் ஏறவில்லை. இப்போது மறுபடி ஏழாம் மாதம். அவளை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் வர வேண்டும் என்று நினைத்தாலே கையிலிருக்கும் வேலை ஓடாது. எழுந்து கொல்லைக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன்.

வில்லியனூர் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் டயர் கடையில் வண்டியை நிறுத்தினான். நானும் மருமகளும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். கடைக்காரர் நாலு சக்கரத்தையும் கழற்றி, டயரைப் பிரித்து, உள்ளே இருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்துக் காட்டினார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.

"இது சென்சாரு. உள்ள இருந்துக்கினே காத்து எவ்ளோ இருக்குதுன்னு வண்டிக்குச் சொல்லும். காத்து கொறைஞ்சா எந்த சக்கரம்னு ஸ்கிரீன்ல செவப்பா காட்டும். இத புதுசுக்கு மாத்தாம வுட்டா விளக்கு எரிஞ்சிக்கினேதான் இருக்கும்" என்றார்.

"மாத்திடுங்கண்ணா" என்றான் மகன்.

டப்பாக்கள் புதுச் சக்கரங்களுக்குள் போயின. புது டயரும் ஏறியது. ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் சாக்பீஸால் எழுதிச் சுவரில் சாய்த்து வைத்தார். மு.இ, மு.வ, பி.இ, பி.வ. படிக்கிற பழக்கத்தில் படித்தேனே தவிர, ஏதோ கடைக் கணக்கு என்று விட்டுவிட்டேன். பிறகு அவர் சாப்பிடப் போனார். மாட்டுகிற வேலை இன்னொருவருடையது.

அந்த இடைவெளியில் மருமகள் எழுந்தாள். "அத்த, சாமிகிட்ட வச்ச எலுமிச்சம்பழம் பையிலயே இருக்குது. சக்கரம் ஏர்றதுக்கு முன்னாடியே பொட்டு வச்சிடலாமா?" என்றாள். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், மோட்டாரோ மிக்ஸியோ, பொட்டு வைக்காமல் ஓடவிட மாட்டோம். அவள் ஈரத்துணியால் நாலு சக்கரத்தையும் பளபளவென்று துடைத்தாள். நான் மஞ்சள் குழைத்துக் கொடுத்தேன். அவள் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினாள். மாட்ட வந்தவர் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைக்கு எது முதலில் வந்ததோ அதை முதலில் மாட்டினார். நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மூன்று நாள் நன்றாக இருந்தது. அப்புறம் திரையில் மஞ்சள் விளக்கு வந்தது. லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. பக்கத்திலேயே காரின் சின்னப் படம். அதில் இடது பக்க முன் சக்கரம் மட்டும் சிவப்பு. முட்டி மடக்க முடியாததால் எனக்கு எப்போதும் முன் சீட்டுதான். அந்தச் சிவப்பு என் கண்ணுக்கு நேராகவே இருந்தது.

மகன் பெட்ரோல் பங்கில் அந்த இடது முன் சக்கரத்துக்குக் காற்றடித்தான். சிவப்பு போகவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் அடித்தான். அப்போதும் போகவில்லை. கடைக்குப் போன் செய்தான். "கழட்டி மாட்டனதுல சென்சார் கொழம்பியிருக்கும் சார், ஓட்டிக்கினு இருங்க, ஒரு நாளு வந்தா ரீசெட் பண்ணிடலாம்" என்றார்களாம்.

"சென்சார் பொய் சொல்லுதும்மா. நீ அதையே மொறச்சிப் பாக்காத" என்றான்.

பொய் சொல்கிற ஒன்றை எதற்குப் பணம் கொடுத்து இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்கு மாற்றினான் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எனக்கு எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் அடுத்த வார்த்தை வராது. பெற்ற பிள்ளையிடமும் அப்படித்தான்.

வளைகாப்பு அன்று சீர்த்தட்டும் உறவுக்காரர்களும் வேனில் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் படகு மாதிரி லேசாக ஆடியது. முன்பக்கமோ சின்னக் கல்லுக்கும் எகிறிக் குதித்தது. மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த வளையல் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரோடு சரியில்லை என்றாள். ரோடு போன மாதமும் இதே ரோடுதான்.

சடங்கு நன்றாக நடந்தது. மகளுக்கு இரண்டு கை நிறைய வளையல். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆண்கள் வண்டியைச் சுற்றி நின்று சக்கரத்தை மெச்சினார்கள். விளக்கு எரிவதை மகனே சொன்னான் போலிருக்கிறது. மாப்பிள்ளை போய் இடது முன் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்குது மச்சான். இதுக்கா விளக்கு எரியுது?"

"அதான் சொல்றேன். எங்கம்மாவுக்கு மூணு நாளா தூக்கமே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். மற்ற சக்கரங்களை யாரும் தொடவில்லை. திரை காட்டியது அந்த ஒன்றைத்தான்.

சாப்பாடு முடிந்ததும் வேன் கிளம்பிவிட்டது. ராகு காலம் பிறப்பதற்குள் மகளை அழைத்துக்கொண்டு படியிறங்க வேண்டும். சம்பந்தியம்மா அவசரப்படுத்தினார். "சம்மந்தி, இன்னா இன்னும் பொடவைத் தலைப்பத் திருகிக்கினு நிக்கறீங்க? நேரம் ஆவுது பாருங்க." பத்து பேர் நடுவில் உரக்கப் பேசிப் பழகியவர் அவர். நான் அவர் வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை.

மகள் விளக்கைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். மகன் பின் கதவைத் திறந்து வைத்தான். அவள் ஏறினால் அந்தப் பின்பக்கத்தில்தான் உட்கார வேண்டும். வரும்போது ஆடிய பின்பக்கம்.

"ஏறாதடி" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வாசல் மொத்தமும் திரும்பியது.

"இன்னாம்மா?" என்றான் மகன்.

"வண்டிய எடுத்துக்கினு போயி பஞ்சர் கடையில நாலையும் பாத்துட்டு வா. ஒண்ண இல்ல, நாலையும். அதுக்கு அப்புறம் ஏறட்டும்."

"யம்மா, இவ்ளோ பேரு எதுர்ல மானத்த வாங்காத."

"பெத்த புள்ளதான ஓட்டறான் சம்மந்தி, வெளியாளா ஓட்டறான்?" என்றார் சம்பந்தியம்மா. "நேரம் போச்சுன்னா ராகு காலத்துலயா அனுப்பறது? இல்ல நாளைக்கு இன்னொரு தடவ வளையல் போடறதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆரம்பித்ததை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நல்ல நேரத்துலயே படியிறங்கட்டும். எறங்கி எதுரு வூட்டுல ஒக்காரட்டும். வண்டி வந்ததும் அங்கிருந்து கெளம்பிடலாம். பஸ்ஸுக்கு நேரமிருந்தா நாம இன்னா பண்ணுவோம், அப்படித்தான பண்ணுவோம்?"

அப்படித்தான் செய்வோம். நல்ல நேரத்தில் வாசல்படி தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் அடுத்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் குற்றமில்லை. சம்பந்தியம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மகளைக் கைபிடித்துப் படியிறக்கிவிட்டார். மகன் கதவை அறைந்து சாத்தினான். மருமகள் என்ன நினைத்தாளோ, ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

எதிர்வீட்டம்மா ஃபேனைப் போட்டுவிட்டு மோர் கொண்டுவந்தார். மகள் வளையல் குலுங்கக் குலுங்கக் குடித்தாள்.

"நீயாம்மா பேசனது?" என்றாள். "எங்க மாமியாருக்கு மூஞ்சி செத்துப்போச்சு."

"சும்மா இருடி."

"இனிமே உனுக்குக் காப்பியில சக்கரை போடுவாங்களான்னு தெர்ல."

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாலும் சரியாக இருந்தால் மகன் என்னை எந்த முகத்தோடு பார்ப்பான்? ஏதாவது இருந்தால், போகிற வழியில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்று ஆகிவிட்டால்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். ராகு காலமும் பிறந்துவிட்டது.

வண்டி வந்தபோது மெதுவாக வந்தது. மகன் இறங்கவில்லை. மருமகள்தான் நேராக என்னிடம் வந்து காதோரம் சொன்னாள்.

"அத்த, பின்னாடி வலது சக்கரத்துல பாதி காத்துகூட இல்ல. சோப்புத் தண்ணி ஊத்தனா காத்து ஏத்தற மூக்குகிட்ட மொட்டு மொட்டா வருது. சென்சார மாத்தும்போது பழைய ரப்பரையே போட்டு வுட்டிருக்காங்க. பஞ்சர் கடைக்காரரு புதுசு போட்டுட்டாரு. நாம அடிச்ச முன்னாடி சக்கரத்துல காத்து ரொம்ப ஜாஸ்தியாம், எறக்கி வுட்டாரு, வெயில்ல இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா வெடிச்சாலும் வெடிச்சிருக்குமாம்."

"திரை இடது முன்னாடின்னு காட்டுச்சே."

அவள் குரல் இன்னும் இறங்கியது. "இடது முன்னாடி போட வேண்டிய சக்கரம் வலது பின்னாடி ஏறிடுச்சாம். உள்ள இருக்கற சென்சாரு இன்னும் இடது முன்னாடி இருக்கறதா நெனச்சிக்கினு உண்மையதான் சொல்லியிருக்குது. முன்னாடி இடது, பின்னாடி வலதுன்னு சாக்பீஸ்ல எழுதியிருந்தத நான்தான தொடச்சேன், அத்த?"

"நீ பொட்டு வச்ச, நான் மஞ்ச கொழைச்சேன். பேசாம வா" என்றேன்.

சம்பந்தியம்மா தெருவைத் தாண்டி வந்தார். குனிந்து நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு என் மகளின் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து அவரே கதவைத் திறந்தார்.

திரையில் சிவப்பு இல்லை. இருந்தாலும் வேகத்தடை வரும்போதெல்லாம் நான் பின்னால் திரும்பினேன். மகள் தலையணையில் சாய்ந்து, கட்டிக்கொடுத்த புளிசோற்றைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள். வண்டி ஆடவில்லை, எகிறவும் இல்லை. அப்படியும் கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு முறை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். இறங்கிப் பார்த்தான். ஏறினான்.

வீடு வந்து மகள் கால் ஊன்றி இறங்கினாள். "வயிறு எப்படிடி இருக்குது?" என்றேன். "ரொம்பிக் கெடக்குது" என்றாள்.

மகன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அவளைப் பார்த்துத்தான் பேசினான். "பாப்பா, வலி வந்தா கொஞ்சம் முன்கூட்டியே சொல்லு. இவங்க நாலு டயரையும் தட்டிப் பாத்து முடிக்கணும்."

மகள் வளையல் அதிரச் சிரித்தாள். மருமகளும் சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. வலி எந்த நேரத்தில் வருமோ, அந்த நேரத்தில் எந்தப் பஞ்சர் கடை திறந்திருக்கும்? வீட்டிலேயே கையால் காற்றடிக்கிற பம்ப் எங்கே கிடைக்கும் என்று யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டே உலை வைக்கப் போனேன்.