கடைசித் தெருவின் இரண்டு கேட்டுகள்

எதையும் எளிதில் நம்பாத குணம் எனக்கு. பால்காரர் பால் ஊற்றும்போது நான் பாலைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்ட என்னிடமே ஒரு விஷயத்தை மறைத்து மனையை விற்றுவிட்டார் என்றால், எங்கள் புரோமோட்டர் கெட்டிக்காரர்தான்.

தஞ்சாவூர் பைபாஸிலிருந்து வெண்ணாற்றுப் பக்கம் இறங்கினால் எங்கள் நகர் வரும். நாங்கள் மனை பார்க்க வந்தபோது நகர் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. நஞ்சையில் லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கி, மஞ்சள் பெயிண்ட் பூசிய கற்களை ஊன்றி, முகப்பில் ஒரு ஆர்ச் மட்டும் கட்டியிருந்தார்கள். மற்ற மூன்று பக்கமும் சம்பா நட்டிருந்தது. தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தன. கடைசித் தெரு மட்டும் பாதியில் முழங்கை மாதிரி வளைந்திருந்தது. காம்பவுண்டுச் சுவரிலும் அந்தத் தெருவின் இரண்டு முனைகளில் இரண்டு சின்னக் கேட்டுகள் வைத்திருந்தார்கள். இரண்டும் வயலைப் பார்த்துத் திறந்தன.

"இந்தக் கேட்டு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"காத்தோட்டத்துக்கும்மா" என்றார் புரோமோட்டர்.

கேட்டைக் கண்ணாலேயே அளந்து பார்த்தேன். கார் நுழைய முடியாது. ஒரு ஆள் போவதற்கென்றால் அவ்வளவு அகலம் தேவையில்லை. காற்றுக்கு இப்படி ஒரு அளவு உண்டா என்று அன்றைக்கே என் மனதில் ஒரு முள் குத்தியது. ஆனால் வளைவில் இருந்த மனை என்று எங்களுக்கு விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் குறைந்ததைப் பார்த்தார், நான் ஏன் குறைந்தது என்று பார்த்தேன். கடைசியில் அவர்தான் ஜெயித்தார்.

முதல் இரண்டு வருஷம் ஆட்டோக்காரர்கள் எங்கள் நகரைப் 'பாம்பு நகர்' என்றுதான் சொன்னார்கள். வயலை மூடினால் பாம்பு எங்கே போகும், அதுவும் எங்களோடு குடியிருந்தது. பிறகு திருச்சிக்கு ரயிலில் போகிறவர்கள், கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள், பிள்ளைகளின் ஸ்கூலுக்காகக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த வளைகுடாக் குடும்பங்கள் என்று வீடுகள் முளைத்தன. பார்க் வந்தது, வாட்ஸ்அப் குரூப் வந்தது, அசோசியேஷன் வந்தது. 'டீசன்ட் ஏரியா' என்று புரோக்கர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பெயரை வாங்கிய பிறகு அதைக் காப்பாற்றுவதே எங்கள் ஆட்களுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. புதிதாக யார் குடிவந்தாலும் "சொந்த ஊர் எது?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். சீர்காழிப் பக்கத்துக்காரி நான், அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியாதா? ஒரு கோயில் பெயரைச் சொல்லிக் குழப்பிவிடுவேன்.

பகலில் எங்கள் நகர் காலிப் பாத்திரம்தான். நானும் காலை ரயிலில் திருச்சி ஆபீசுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன். கடைசித் தெருவில் பாதி மனை வெறும் புல். கட்டியிருந்த நாலைந்து வீட்டுக்காரர்களும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் இருப்பது எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான். அதிராம்பட்டினத்துக்காரி. கணவர் துபாயில். மகள் பிளஸ் டூ. வாடகைக்கு இருந்தார்கள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள், ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பும்போது தெரு வளைவில், அவள் வீட்டுச் சுவரை ஒட்டி, ஒரு பிடி பச்சரிசி கிடந்தது. பக்கத்தில் வெற்றிலை, ஒரு ரூபாய்க் காசு, கற்பூரம் எரிந்த கருப்பு. யாரோ போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எட்டு மணிக்குள் அது செய்வினை என்று முடிவாகிவிட்டது. சில வாரம் கழித்து மறுபடியும் கிடந்தது, அதே இடம், அதே சாமான். பார்க் பக்கத்தில் ஒருவருக்குக் கால் முறிந்தது, இன்னொரு வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பிடி அரிசிதான் காரணம் என்றார்கள்.

பழி நேராக எதிர்வீட்டில் போய் இறங்கியது. அசோசியேஷன் செக்ரட்டரி கும்பகோணத்தில் பேங்க் உத்தியோகஸ்தர், படித்தவர். அவரே சொன்னார்: "அவங்கள்ல தாயத்து, ஓதிப் பாக்குறது எல்லாம் உண்டு சார்."

"வெத்தல கற்பூரமெல்லாம் அவங்க வைப்பாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அதான் சார் விஷயம். நம்ம சந்தேகப்படக் கூடாதுன்னுதான் அப்படி வைக்கிறாங்க."

இதற்கு மேல் யார் வாதாட முடியும்? ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு இரண்டு தீர்மானம் எடுப்பதாக இருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி அவளைக் காலி பண்ண வைப்பது ஒன்று. கடைசித் தெருவின் இரண்டு கேட்டையும் நிரந்தரமாகப் பூட்டுவது இன்னொன்று. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லாத பெண்ணோடு அவள் எங்கே வீடு தேடுவாள் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அவள்மேல் சந்தேகம், செக்ரட்டரிமேல் அதைவிட அதிகம். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்று லீவு போட்டேன். காலையில் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு தெரு முனைவரை போய், எல்லோரும் கிளம்பியதும் திரும்பி வந்து, ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் லீவு நீட்டினேன். உனக்கு போலீசில் வேலை கிடைத்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

பத்தரை மணி இருக்கும். அவள் வெளியே வந்தாள். மேற்குப் பக்கக் கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினாள். ஒரு குடம் தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்து சுவரோரம் வைத்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தன் கேட்டுக்கு உள்ளே போய் நின்றாள். பிடித்துவிட்டேன் என்று எழுந்தேன்.

அந்தக் கேட்டு வழியாக ஒரு பாடை வந்தது.

பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இருந்தார்கள். பறை இல்லை, வெடி இல்லை, சங்குகூட இல்லை. ஆஸ்பத்திரியில் நடப்பது போலச் சத்தமில்லாமல் நடந்து வந்தார்கள். வளைவில் பாடையை இறக்கி, தலைமாட்டைத் திருப்பி வைத்தார்கள். மொட்டை அடித்த ஒருவர் அரிசியையும் வெற்றிலையையும் காசையும் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அரிச்சந்திரன் கல்லுக்குச் செய்கிற மரியாதை அது. அங்கே கல் இல்லை. ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும். சிலர் அவள் வைத்த தண்ணீரைக் குடித்தார்கள். பிறகு தூக்கிக்கொண்டு கிழக்குக் கேட்டு வழியாக வயலில் இறங்கிப் போனார்கள். எங்கள் நகரின் செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர்கள் போனதும் துடைப்பத்தை எடுத்து, தெருவில் உதிர்ந்த பூவை எல்லாம் பெருக்கி அள்ளினார். அரிசியையும் காசையும் மட்டும் தொடவில்லை. அது செத்தவருடையது, அவருக்குக் கை வரவில்லை.

கேட்டின் அகலம் எதற்கான அளவு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலு பேர் தோள்கொடுத்து நடக்கிற அகலம்.

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நாங்க வந்ததுலேருந்து நடக்குது அக்கா. பக்கத்து ஊர் தெற்குத் தெருக்காரங்க. முந்தி இது அவங்க போற வரப்பாம். மனை போடுறப்ப புரோமோட்டர் சொல்லிட்டாராம், பத்து மணிக்கு மேல, நாலு மணிக்குள்ள, சத்தமில்லாம போய்க்கங்கன்னு. செக்யூரிட்டி அண்ணனும் அந்தத் தெருதான், அவர்தான் முன்னாடியே வந்து சொல்வாரு."

வயல் வேலை செய்தவர்கள் குடியிருக்கும் தெரு அது. ஊரின் பெரிய தெரு வழியாக அவர்கள் பிணம் போகக் கூடாது என்று யாரோ ஒரு காலத்தில் வரப்பைக் காட்டிவிட்டார்கள். அந்த வரப்பின் மேல் நாங்கள் தார் போட்டு, வளைவு மனை என்று குறைத்து வாங்கி, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டிக் குடியிருக்கிறோம். செத்தவனுக்கும் ஆபீஸ் நேரம் வைத்துவிட்டார்கள்.

"உன்னை என்னென்னவோ பேசுறாங்க. இதை ஏன் வெளிய சொல்லல?"

"சொன்னா பூட்டிருவாங்களே அக்கா" என்றாள். "எங்க ஊர்ல மய்யத்து போனா சைக்கிள்ல போறவங்ககூட இறங்கி நிப்பாங்க. நான் வாயத் தொறந்து ஒரு வழிய அடைக்கணுமா?"

"அப்ப வீடு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவள் மகளின் புத்தகங்கள் கட்டில் முழுக்கப் பரப்பிக் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் கூட்டம். அவளைக் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் பெயர் தப்பிக்கும், அன்றைக்கு மாலையே கேட்டில் பூட்டு விழும். டீசன்ட் ஏரியாவின் நடுவே பிணம் போவதை இவர்கள் பொறுப்பார்கள் என்று நம்ப நான் பச்சைக் குழந்தை இல்லை. சொல்லாவிட்டால் அவள் போவாள், பூட்டும் விழும். செக்ரட்டரி தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்தபோது எழுந்து நின்றேன்.

"அது நான் சுத்திப் போட்டதுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் திரும்பினார்.

"எங்க வீட்டுக்குத் திருஷ்டி. சீர்காழில ஒருத்தர் சொன்னாரு, அரிசி, வெத்தல, காசு வச்சு முச்சந்தில போடுன்னு. அந்த வளைவுதான நமக்கு முச்சந்தி."

"ஏன் மேடம், இவ்ளோ நாள் சொல்லல?" என்றார் செக்ரட்டரி.

"திருஷ்டி கழிக்கிறத போர்டு எழுதி மாட்டுவாங்களா? யாரும் வெளியிலேருந்து வரல, யாரும் ஓதல. அந்தப் பொண்ணையும் விடுங்க, கேட்டையும் விடுங்க. வயக்காத்து வரட்டும்."

கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. தீர்மானம் இரண்டும் நின்றுபோயின. வீட்டுக்கு வந்ததும் இவர், "நமக்கு யாருடி திருஷ்டி வைக்கப் போறா, இருக்கிறது ஒரு பழைய ஸ்கூட்டர்" என்றார். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "நல்லவேளை, போலீசுக்குப் போகாம ஆபீசுக்குப் போன" என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றிலிருந்து எங்கள் வாசலைத் தாண்டும்போது ஆட்கள் ஓரமாக நடக்கிறார்கள். நவராத்திரிக்கு என் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்த் தெரு முனையில் கொட்டியதை நானே பார்த்தேன். யாருக்காவது காய்ச்சல் என்றால் நான் முந்தின நாள் என்ன நிறப் புடவை கட்டியிருந்தேன் என்று விசாரிக்கிறார்கள். ஊரையே சந்தேகப்பட்டவளை இப்போது ஊர் சந்தேகப்படுகிறது. கோபம் வருகிறது, வராமல் என்ன. ஆனால் எதிர்வீட்டு மகள் பரீட்சை எழுதி, தஞ்சாவூரிலேயே காலேஜில் சேர்ந்தாள். வளைவில் அரிசி கிடந்த நாட்களில் செக்ரட்டரி போன் செய்து, "மேடம், மறுபடியுமா?" என்பார். "ஆமாங்க" என்பேன். தெற்குத் தெருவில் யாரோ ஒருவர் போய்விட்டார் என்று எனக்குத் தெரிவது அப்படித்தான்.

போன மாதம் ரயில் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. தெருவில் திரும்பினேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பூ. சாமந்தியும் ரோஜா இதழும் தார் ரோட்டில் வாடிக் கிடந்தன. ஒரு இதழ்கூடப் பெருக்கப்படவில்லை. எதிர்வீட்டுப் பெண் அப்போதுதான் துடைப்பத்தோடு வந்து குனிந்து பெருக்கத் தொடங்கினாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"என்னாச்சு, செக்யூரிட்டி எங்க?"

அவள் துடைப்பத்தை நிறுத்தினாள். "அவர்தான் அக்கா" என்றாள்.

நான் பையை வாசலில் வைத்துவிட்டு இன்னொரு துடைப்பம் எடுத்து வந்தேன். கும்பகோணம் பஸ் வருவதற்குள் பெருக்கி முடித்தோம். அரிசியை நாங்களும் தொடவில்லை.

எட்டு மணிக்குப் போன் வந்தது.

"மேடம், மறுபடியுமா?"

"ஆமாங்க" என்றேன்.

"கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க மேடம். செக்யூரிட்டி வேற இன்னிக்கி வரல. ஒரு வார்த்த சொல்லாம நின்னுட்டான். இந்த மாதிரி ஆளுங்கள நம்பவே முடியாதுங்க" என்றார்.