தோஹாவிலிருந்து நாலரை மணி நேரம்

தோஹாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் ஏறக்குறைய நாலரை மணி நேரம். தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போனில் தட்டினால் யாருக்கும் வந்துவிடும். என் மாமாவும் அதைத்தான் தட்டினார்.

அம்மா இறந்த அன்று எனக்கு நேர் விமானம் கிடைக்கவில்லை. ஷார்ஜாவில் இறங்கி, காத்துக் கிடந்து, வேறு விமானம் மாற வேண்டிய டிக்கெட்தான் கிடைத்தது. அம்மாவின் தம்பியான மாமாவிடம் அதைப் போனில் தெளிவாகச் சொன்னேன்.

“அதெல்லாம் நான் பாத்தாச்சு மக்கா. நாலர மணிக்கூர்தானே. மத்தியானத்துக்கு வந்துருவ.”

எங்கள் பக்கம் மரண வீட்டில் முதல் வேலை ஜங்ஷனில் பிளக்ஸ் கட்டுவது. படம், பேரப்பிள்ளைகள் வரை பெயர்கள், அடியில் பெரிய எழுத்தில் அடக்க நேரம். நான் விமானம் ஏறும் முன்பே அம்மா குழித்துறை ஜங்ஷனில் சிரித்துக்கொண்டிருந்தாள், மாலை மூன்று மணிக்கு அடக்கம் என்று. பிளக்ஸில் ஏறிய நேரத்தைக் கர்த்தரே வந்து கேட்டாலும் எங்கள் ஆட்கள் மாற்ற மாட்டார்கள்.

பெட்டி மூடும் முன் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். வீட்டுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டரே மிச்சமிருக்க, களியக்காவிளையில் பாறை ஏற்றிய லாரிகளுக்கு நடுவில் டாக்சி சிக்கிக் கிடந்தபோது, கொஞ்சம் பொறுக்கச் சொல்ல மாமாவைக் கூப்பிட்டேன். கட் செய்தார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் கட்.

வீடு போய்ச் சேர்ந்தபோது பந்தலில் கஞ்சியும் பயறும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கல்லறைக்குப் போனவர்கள் கைகால் கழுவித் திரும்பியாகிவிட்டது. வெட்கமே இல்லாமல் ஒருவர் ஊறுகாய் கேட்டார். மாமா என் தோளில் கை போட்டார்.

“நீ விளிச்சா வீடியோ கட்டாவும்லா மக்கா. லைவ் போய்ட்டிருந்துது. வெளிநாட்டுல எவ்வளவு பேரு பாத்தாவ தெரியுமா?”

நான் கேட்காமலே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கல்லறைத் தோட்டம். போதகர் ஜெபிக்கிறார். மூடியைத் தூக்கி வருகிறார்கள். அப்பா பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, “மோன் வந்துருவான், செத்த நேரம் பொறுங்க” என்கிறார். போனுக்கு மிக அருகில் மாமாவின் குரல் கேட்கிறது: “நேரமாச்சு, அத்தானுக்க கைய எடுத்து விடுங்க.” இரண்டு பேர் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள்.

“இந்த எடம் நல்ல தெளிவா விழுந்திருக்கு” என்றார் மாமா. போனைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அறையில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் அழவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மக்கா, நான் இந்தக் கைய எடுக்காம இருந்திருந்தா, நீ வந்து பாத்திருப்பியா?”

“இல்லப்பா,” என்றேன். “எனக்கு இன்னும் ரொம்ப தூரம் இருந்துது.”