மெயின் ஜெட்டுக்கு வைத்த பொட்டு

என் கணவருக்குக் கொல்கத்தாவில் இருக்கும் ஒரே சிநேகிதர் எங்கள் ஸ்கூட்டர் மெக்கானிக். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவருக்கு, ரிட்டையர் ஆன மறுநாளே போன் அடிக்க ஆளில்லாமல் போயிற்று. லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான்; இவருக்குத்தான் யாரோடும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. ஜாதவ்பூரில் அந்த மெக்கானிக்கின் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் வங்காளியும் ஹிந்தியும் கலந்துகட்டிக் கொட்டும். ஒரு கிழட்டு ஸ்கூட்டருக்கு வாரத்தில் நாலு நாள் அப்படி என்ன வைத்தியம் என்று கேட்டால், "கார்புரேட்டர்" என்பார். மெக்கானிக் இவரைவிடப் பத்து வயது சின்னவர். அவர் இவரை தாதா என்பார், இவரும் அவரை தாதா என்பார். யாருக்கு யார் அண்ணன் என்பது இன்றுவரை தீரவில்லை.

போன வருஷம் பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் இவர் கார்புரேட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். மெக்கானிக் அதைச் சுத்தம் செய்து புது மெயின் ஜெட் போட்டுக் கொடுத்தார். வண்டி வேகமாக ஓடும்போது பெட்ரோல் அதன் வழியாகத்தான் ஏறி வரும். சின்னப் பித்தளைத் துண்டு, நடுவில் ஊசி நுழையுமா என்று சந்தேகப்படும்படி ஓர் ஓட்டை. "அடிமூடியை நானே மாட்டிக்கறேன்" என்று திறந்தபடியே வீட்டுக்கு எடுத்து வந்தார். அதற்குள் நவமி வந்துவிட்டது. தெருவில் வங்காளிகளுக்கு துர்கா பூஜை, வீட்டுக்குள் எங்களுக்கு சரஸ்வதி பூஜை. ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர் எல்லாம் கொலுவுக்கு முன்னால் போயின. அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. கார்புரேட்டரும் ஒரு செய்தித்தாளின்மேல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

புத்தகம், தம்பூரா, தோசைத்திருப்பி என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்த என் கை அதனிடமும் வந்தது. அழுக்கு உலோகத்தில் அந்தப் பித்தளை ஒன்றுதான் பளிச்சென்று இருந்தது. அதுதான் அதற்கு நெற்றி என்று நினைத்தேன். இந்த மனுஷரின் பிரியமெல்லாம் இதன்மேல்தானே, இது நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு பொட்டு வைத்தேன். மனசார வைத்தேன், அதில் பொய்யில்லை. மறுநாள் காலையில் இவர் குளித்துவிட்டு வருவதற்குள், பார்த்தால் கத்துவாரே என்று பயந்து புடவைத் தலைப்பால் துடைத்தும்விட்டேன். ஓட்டைக்குள் போனது எனக்கு எப்படித் தெரியும்?

இவர் எல்லாவற்றையும் மாட்டி, வண்டியைக் கேட்டருகே நிறுத்தி ஐடிலிங் வைத்தார், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும் ஓட்டம். வெளியே ஒரு திருகு இருக்கிறது. அதைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினால் இன்ஜின் சத்தம் ஏறி, ஓரிடத்தில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கும். இறங்கியதும் திரும்ப உச்சிக்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அரைமணி நேரம் அதைக் கேட்டார். என் பாட்டை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நின்ற இடத்தில் வண்டி தேனாக ஓடியது. ஏரிக்கரை ரோட்டில் நாற்பதைத் தொட்டதும் மூச்சு வாங்கியது.

திரும்பி வந்து அதே திருகைத் திருப்பினார். மறுநாளும் திருப்பினார். வேகமாக ஓடுவதைச் சரிசெய்ய வெளியே திருகு கிடையாது, அது உள்ளே இருக்கும் ஜெட்டின் வேலை என்று எனக்குச் சொல்லித் தந்ததே இவர்தான். ஆனாலும் கைக்கு எட்டுவதைத்தானே மனுஷர்கள் திருகிக்கொண்டிருப்போம். நாலாம் நாள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். காபிப்பொடி நிறத்தில் இருக்கவேண்டியது சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"பட்டினி" என்றார். "ஓடறபோது பெட்ரோல் பத்தலை. நான் பார்த்துப் பார்த்துத் தொடச்சு மாட்டினேன், அடைப்புக்கு வழியே இல்லை. ஜெட்டே டூப்ளிகேட்."

எனக்குச் சந்தனம் ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்க்காரி என்று பேர் எடுத்தவள் நான். அன்றைக்கு அந்த வாய் எங்கே போயிற்றோ. இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே என்ற வெட்கம்தான், வேறொன்றுமில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் போனை எடுத்து, "நீங்க எனக்கு டூப்ளிகேட் போட்டுட்டீங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டார்.  அந்தப் பக்கத்திலிருந்து "ஆச்சா, தாதா" என்று மட்டும் கேட்டது; வங்காளியில் 'சரி' என்று அர்த்தம்.

தசமி கழிந்தால் வங்காளிகள் வீடு வீடாகப் போய் பிஜோயா வாழ்த்துச் சொல்வார்கள்; கட்டித் தழுவிக்கொள்வார்கள், வாயில் இனிப்பு வைப்பார்கள். மெக்கானிக் வருஷா வருஷம் தேங்காய் உருண்டையோடு வருவார். போன வருஷம் வரவில்லை. இவர் பால்கனியில் உட்கார்ந்து ஒரே பேப்பரை இரண்டு தடவை படித்தார். கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பார். சாம்பாரில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. ஒருநாள், "வண்டியைத் தள்ளிவிட்டுடலாமா?" என்று கேட்டார். 

"கெளம்புங்கோ, கடைக்குப் போகலாம்" என்றேன். மூச்சு வாங்கும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

மெக்கானிக் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உட்காருங்க, பௌதி" என்று, அண்ணி முறை வைத்து, என்னிடம் சொல்லிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றினார். ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மெல்லிய கம்பியை உள்ளே விட்டார். மஞ்சளாக ஒரு துணுக்கு உள்ளங்கையில் விழுந்தது. அதை விரலால் நசுக்கி மோந்து பார்த்தார். பெட்ரோலையும் மீறி வாசனை வந்திருக்க வேண்டும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான், தாதா. சரியா ஊதாம விட்டுட்டேன்" என்றார்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "சொன்னேனா இல்லையா?" என்று தமிழில் என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த மனுஷர் காலத்துக்கும் வேலையில் கோட்டை விட்டவராகவே இவர் மனசில் இருப்பார். எனக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம் இல்லை. இருவருக்கும் புரியட்டும் என்று வங்காளியிலேயே சொன்னேன். "அவர்மேல தப்பில்லை. நான்தான் அதுக்குச் சந்தனப் பொட்டு வச்சேன்."

"பொட்டா? ஜெட்டுக்கா?" என்றார் இவர்.

"ஆமா. நீங்க அதைத்தானே கொஞ்சிண்டிருந்தேள். நன்னா இருக்கட்டும்னு வச்சேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முப்பத்திநாலு வருஷக் குடித்தனத்தில் இவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. தப்பு செய்தால் கேட்காமலே கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவார், அவ்வளவுதான். அன்றைக்கு எழுந்து மெக்கானிக்குக்கு எதிரே போய் நின்றார்.

"டூப்ளிகேட்னு சொன்னேனே, தாதா. உங்களைப் போய்ச் சொன்னேனே. மன்னிச்சுக்கோங்க" என்றார். அந்த வங்காளியில் இலக்கணம் ஒன்றும் சரியில்லை.

மெக்கானிக் ஜெட்டை ஊதி மேஜைமேல் வைத்தார். "பௌதி, அடுத்த வருஷம் சந்தனத்தை ஹெட்லைட்டோட நிறுத்திக்கங்க" என்று என்னிடம் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "ஷுபோ பிஜோயா, தாதா" என்றார். தழுவ வந்தவர், இவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு, கிரீஸ் கை இரண்டையும் எட்ட விரித்து வைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையிடமே ஒரு முழம் தள்ளி நிற்கும் என் கணவர், அந்தக் கைகளைப் பிடித்து இழுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டார்.