ரெஜினா சுட்ட கருப்பு வில்லை

ரெஜினா இறந்த செய்தி நம் வகுப்பில் முதலில் என்னிடம்தான் வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை ரயிலில் இருந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் பனி எது, தண்ணீர் எது என்று தெரியாத நேரம். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த பெண் விடியற்காலையில் போய்விட்டாள் என்று அவள் அப்பா போனில் சொன்னார். உடனே நம் வகுப்புச் சரவணனை அழைத்தேன். "மச்சான், இதுலலாம் வெளையாடாதடா" என்று வைத்துவிட்டான். அவன்மேல் தவறில்லை, தேர்வு தள்ளிப்போனதாக நான் கிளப்பிவிட்ட புரளிகள் உங்களுக்கே தெரியும். மறுபடி அழைத்தேன். எதிர் இருக்கைப் பூக்காரம்மா போனை வாங்கி, "நெசந்தான் தம்பி, புள்ள அழுவுது" என்ற பிறகே நம்பினான்.

என்னைவிடச் சில மாதம் மூத்தவள் என்ற உரிமையில் அக்கா என்று கூப்பிடச் சொல்வாள். நான் ஆயா என்று கூப்பிடுவேன். இயற்பியல் ஆய்வகத்தில் எங்களுக்கு ஒரே மேசை, ஒரே வேலை: மீகடத்தி செய்வது. மின்சாரத்தைத் துளியும் தடுக்காமல் ஓடவிடும் பொருள் அது, ஆங்கிலத்தில் சூப்பர் கண்டக்டர். ஆஸ்பத்திரி ஸ்கேன் இயந்திரத்துக்குள் இருப்பதும் அதன் உறவுக்காரர்தான். மூன்று பொடிகளைக் கலந்து, கல்வத்தில் அரைத்து, வில்லையாக அழுத்தி உலையில் சுட வேண்டும். பதமாக வந்தால், திரவ நைட்ரஜனில் குளிர்ந்ததும் அந்த வில்லை ஒரு காந்தத்தைத் தன் தலைக்குமேல் மிதக்கவிடும்.

அவளுக்கு அது மதிப்பெண் விஷயம் இல்லை. சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் அவள் அப்பா, வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "இத்தினி நாளா இன்னா படிக்கறன்னு கண்ணுல காட்டும்மா" என்றாராம். "மெதந்தா மேல படிக்கறேன். மெதக்கலன்னா நீ சொல்ற பேங்க்கு" என்று பந்தயம் கட்டிவிட்டு வந்தாள். கல்வத்தில் அரைத்துக்கொண்டேதான் இதைச் சொன்னாள்.

முதல் வில்லையில் தோற்றோம். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், உலை ஆறும் முன்பே கதவைத் திறந்துவிட்டாள். மெல்ல மெல்ல ஆறும்போதுதான் வில்லை ஆக்சிஜனை உள்ளே இழுக்கும். இல்லாவிட்டால் அது வெறும் கரித்துண்டு. விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி காந்தம் அதன்மேல் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. "தூங்கற புள்ளய பாதியில எழுப்பிட்டேன்டா" என்றாள். அன்று முதல் உலைக்குப் பெயர் தொட்டில். பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால் முறைப்பாள். நானே அங்கே கிசுகிசுத்தேன் என்றால் பாருங்கள்.

திரவ நைட்ரஜன் எங்களுக்குக் கிடைத்தது கடலூரில், மாட்டுச் சினை ஊசிகளைக் குளிரில் வைத்திருக்கும் இடத்தில். கேனைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவோம்.

"இதுல இன்னா கீது?" என்றார் கண்டக்டர்.

"காத்துண்ணே" என்றாள் ரெஜினா.

"காத்துக்கு இன்னாத்துக்கும்மா கேனு?"

"சும்மா வுட்டா ஓடிடும்ணே."

லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். "அவரு வெறும் கண்டக்டர், நம்மளுது சூப்பர் கண்டக்டர்" என்றேன். அவள் சிரிக்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி இடுக்கில் கசிந்த வெள்ளைப் புகை எங்கள் செருப்புகளை மறைத்திருந்தது. "காலே இல்லாம போறோம் பாரு" என்றாள். வெளியே சவுக்குத்தோப்புகள் ஓசையில்லாமல் நகர்ந்தன.

இரண்டாவது வில்லையை உலையில் வைத்துவிட்டுப் போனவளுக்கு அன்றே காய்ச்சல். உலை தானாக ஆறியது. வில்லையை எடுத்து ஈரம் படாமல் மூடிவைத்தேன். சோதிக்கவில்லை, அவள் வரட்டும் என்று.

அடக்கம் முடிந்த பிறகு, அவள் பையை எடுத்துப்போக அப்பா ஆய்வகத்துக்கு வந்தார். பையைத் தோளில் மாட்டியபடி, "மெதந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் எனக்குச் சரளமாக வரும். "இன்னும் பாக்கல மாமா. இப்ப பாக்கலாம்" என்றேன்.

தெர்மோகோல் கிண்ணத்தில் வில்லையை வைத்து, அதற்கென்று வாங்கி வைத்திருந்த நைட்ரஜனை ஊற்றினேன். மேசை முழுக்கப் புகை படர்ந்தது. கொதிப்பு அடங்கியதும் காந்தத்தை இடுக்கியால் கொண்டுபோய் விட்டேன். விழப்போனது, விழவில்லை. ஓர் அரிசி உயரத்தில், கொஞ்சம் கோணலாக, நடுங்கிக்கொண்டு நின்றது. மாமா சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவில் நுழைத்து, மறுபக்கம் இழுத்தார். தடையில்லாமல் வந்தது.

சற்று நேரத்தில் காந்தம் தாழ்ந்தது.

"எறங்குது" என்றார்.

"நைட்ரஜன் தீருது மாமா."

"ஊத்து."

ஊற்றினேன், எழுந்தது. மறுபடி இறங்கும்போதெல்லாம் "ஊத்து" என்றார். கடைசியில் கேனைக் கவிழ்த்தால் புகை மட்டும் வந்தது. காந்தம் வில்லைமேல் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, படி" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

வில்லையைப் பொட்டலம் கட்டி நீட்டினேன். வாங்கவில்லை. "வூட்ல வெச்சா வெறும் கல்லு. இங்க இருந்தாதான் மெதக்கும்" என்றார்.

அதனால் அது என் பொறுப்பில் இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மிதக்கவிட்டுக் காட்டுவது இனி என் வேலை. யார் செய்தது என்று கேட்டால், ரெஜினா என்று சொல்வேன். அதற்குப் பின்னால் ஒரு ஜோக் வரும் என்று காத்திருப்பார்கள். வராது.