பெல்ட்டை மாற்றச் சொன்னேன்

உளுந்து அரைந்துகொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டு கிரைண்டர் நின்றுவிட்டது. மோட்டார் உறுமியது, கல் மட்டும் சுற்றவில்லை. பெல்ட் அறுந்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் என் கிரைண்டரின் சத்தத்தில் எனக்குத் தெரியாதது கிடையாது.

பூ வாங்க மாட்டுத்தாவணிக்குக் கிளம்பிய நேரம். மகன் கேட்டான்: "அம்மா, மாத்திருவமா?"

"மாத்திருடா, இதுக்கெல்லாமா என்னையக் கேப்ப" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து அடுப்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மேடைமேல் பொம்மை மாதிரி சிவப்பாகப் புது கிரைண்டர் ஒன்று இருந்தது. பூப்பொட்டலத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எங்கடா என் கிரைண்டரு?"

"நீதானம்மா மாத்தச் சொன்ன? கடைக்காரரு பழச எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"அடப்பாவி, நான் பெல்ட்டத்தானடா மாத்தச் சொன்னேன்!"

ஆட்டோ பிடித்துக் காளவாசல் கடைக்குப் போனோம். பின்பக்கம் பழைய கிரைண்டர் கற்கள் குவியலாகக் கிடந்தன. கடைக்காரரிடம் கேட்டேன்:

"இம்புட்டும் ரிப்பேரா அண்ணே?"

"ரிப்பேர யாரும்மா பாக்குறா? எல்லாரும் மாத்திட்டுப் போனதுதான்."

இவர்களில் எத்தனை பேர் என்னைப்போல் 'மாத்திரு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனவர்களோ!

என் கிரைண்டர் ஓரமாக முழுசாக நின்றது. உளுந்து மாவு அதன் விளிம்பில் இன்னும் காயவில்லை.

"அண்ணே, புதுசத் திருப்பி எடுத்துக்கங்க. இதுக்குப் பெல்ட்ட, பெல்ட்ட மட்டும், மாத்திக் குடுங்க" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.